மணி அடித்தால் ஓடாதவள்

எங்கள் சுரங்கத்தின் ஷாஃப்ட், அதாவது ஆட்களைக் கீழே இறக்கும் குழி, அதன் வாயருகே ஒரு பெரிய மணி தொங்குகிறது. ஷிஃப்ட் மாறுவதற்கு அதை அடிப்பதில்லை. அதற்கு நீராவிச் சங்கு இருக்கிறது. உள்ளே பாறை இடிந்து ஆள் சிக்கிக்கொண்டால்தான் அந்த மணியை அடிப்பார்கள். அடிக்கத் தொடங்கினால், சிக்கினவனை மேலே கொண்டுவரும்வரை நிறுத்த மாட்டார்கள்.

அந்தச் சத்தம் கேட்டதும், சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் லைனில் உள்ள பெண்கள் எல்லோரும் ஓடுவார்கள். எப்படி ஓட வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது; சாத்தினால் கீழே போனவன் திரும்பி வர வாசல் இருக்காது என்பார்கள். கைப்பிள்ளை இருந்தால் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டு மேலே வரும்போது அதில் வருகிறவன் முதலில் பார்ப்பது தன் பிள்ளையின் முகமாக இருக்க வேண்டும். கூட்டம் அதிகமாக இருந்தால் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். மணி அடிக்கும்போது ஷாஃப்ட் மேட்டில் பார்த்தால் தலைகளுக்கு மேலே குழந்தைகளாகவே தெரியும்.

ரத்தினம்மா அக்கா மட்டும் ஓடுவதில்லை. அவருடைய வீட்டுக்காரர் சம்பங்கி அதே ஷாஃப்ட்டில்தான் கீழே இறங்குகிறார். ஆனாலும் மணி அடித்தால் இவர் தன் மூங்கில் தட்டி வீட்டின் வாசலில் நின்றுகொண்டிருப்பார். தண்ணீர்த் தொட்டியடியில் அவரைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. "சீமைக்குப் போய் வந்தவளுக்கு நம்மூரு மணி காதுல வுழுமா?" என்பார்கள். வெள்ளைக்காரர் வீட்டுச் சோறு தின்ற திமிர் என்பார்கள்.

திமிர் இல்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இந்த வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிறேன். அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தட்டி. அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

ரத்தினம்மா அக்காவும் சம்பங்கியும் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சம்பங்கி பாய்லருக்கு விறகு தள்ளினார். அக்கா மேலே கல் பொறுக்கினார். இங்கே வந்த பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்து சில நாளில் இறந்துவிட்டது. அதே சமயம் பங்களாவில் கேப்டன் துரைக்கும் ஒரு பெண் பிறந்திருந்தது. கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை. சுரங்கத்தில் வேலை வாங்குகிற துரையை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். துரைசானிக்குப் பால் வரவில்லை. பங்களா பட்லர் லைனுக்கு வந்து, பால் கொடுக்க யாராவது உண்டா என்று விசாரித்தான். மார்பில் பால் கட்டிக் காய்ச்சலாகப் படுத்திருந்த அக்காவை எழுப்பி அனுப்பினார்கள்.

அந்தக் குழந்தையின் பெயர் டெய்சி. பால் மறந்த பிறகும் அவளுக்கு அக்காவின் கை வேண்டியிருந்தது. வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுவாள்.

டெய்சிக்கு இரண்டு வயது தாண்டியபோது துரைசானி மறுபடியும் உண்டானார். பிரசவத்துக்குத் தன் தாய்வீட்டுக்குப் போக விரும்பினார். தாய்வீடு சீமையில் எக்ஸிடர் என்ற ஊரில் இருந்தது. துரை இங்கேயே இருந்து வேலையைப் பார்ப்பார் என்றும், டெய்சியோடு அக்காவும் போக வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. பிள்ளை பிறந்து, அடுத்த மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் திரும்பிவிடலாம், நீயும் எங்களோடுதான் வருவாய் என்று துரைசானி சத்தியம் செய்வதுபோலச் சொன்னாராம். அக்கா திரும்புவது என்றால் டெய்சியோடு திரும்புவதுதான். வேறு வழியைப் பற்றி அக்காவும் கேட்கவில்லை, துரைசானியும் சொல்லவில்லை.

வழியனுப்ப சம்பங்கி பௌரிங்பேட்டை ஸ்டேஷன்வரை வந்தார். வண்டி நகரப்போகும் நேரத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து ஷாஃப்ட்டில் கீழே இறங்கப் போவதாகச் சொன்னார்.

"இன்னாத்துக்கு இப்போ சொல்றே?" என்று அக்கா கேட்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டே."

அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. சம்பங்கி கீழே இறங்கிய முதல் நாள் அக்கா கப்பலில் இருந்தார். அவர் நல்லபடியாக மேலே வந்தாரா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

எக்ஸிடர் மிகப் பழைய ஊர். ஊரைச் சுற்றி ஒரு சிவப்புக் கல் மதில் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் முன்னால் ரோமாபுரி ராஜாவின் சிப்பாய்கள் கட்டியது என்று துரைசானி சொன்னாராம். துரைசானியின் தாய்வீட்டுக்கு எதிரிலேயே அந்த மதில் ஓடியது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். வெயில் அடித்த நாளிலும் அது சில்லென்றே இருந்தது. அங்கே ஒரு பெரிய மாதாகோயிலும் உண்டு. அதன் முகப்பு முழுவதும் கல்லில் செய்த ராஜாக்கள். மழையிலும் பனியிலும் தேய்ந்து பாதிப் பேருக்கு மூக்கு இல்லை. அவற்றைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வருவார்கள். கையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ராஜாக்களைப் பார்ப்பார்கள். பிறகு திரும்பி, புடவையும் கம்பளியுமாக நிற்கும் அக்காவையும் அதே மாதிரி பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு கிழவி துரைசானியிடம் உத்தரவு வாங்கி, அக்காவை டெய்சியோடு மதிலோரம் நிற்கவைத்துப் படம் எழுதினாள். முடியும்வரை அசையக் கூடாது. கால் விறைத்துப்போயிற்று.

"யாரோ ஒருத்தி வூட்டுச் சுவத்துல நான் இன்னும் நின்னுக்கினு இருக்கேன் தம்பி" என்று அக்கா சிரித்தார். அந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வீடு குறுகலாகவும் உயரமாகவும் இருந்தது. அடியில் சமையலறை, உச்சியில் கூரையை ஒட்டி அக்காவும் டெய்சியும் படுக்கும் அறை. இடையில் ஏறி இறங்குவதே வேலை. பூட்ஸ் கொடுத்தார்கள், போட்டால் படியில் தடுக்கியது. வெறுங்காலோடு நடந்தார். பேச்சுத்துணை கிடையாது. துரைசானிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். ஆனால் தாய் எதிரில் தமிழ் பேசக் கூச்சப்பட்டார். துரையிடமிருந்து தபால் வரும் நாளில் அக்கா கதவோரம் நிற்பார். முதல் சில தடவை துரைசானி நிமிர்ந்து பார்த்து, சம்பங்கி நன்றாக இருக்கிறானாம் என்றார். பிறகு அவருக்கு உடம்பு கனத்துப்போயிற்று, மறந்துவிட்டார். அக்கா அவர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். முகம் மாறவில்லை என்றால் சம்பங்கி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வார்.

மணிகளுக்கு அந்த ஊரில் குறைவே இல்லை. மணிக்கு மணி அடிக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிக்கும். வந்த புதிதில் அக்கா ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தார். போகப்போகப் பழகிவிட்டது. அவையெல்லாம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் மணிகள்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒருநாள் டெய்சியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் போகும்போது தெரு நடுவே ஒரு மூடி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆள் விளக்கோடும் முழங்காலெல்லாம் சேறோடும் ஏறி வந்தான். அக்கா அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து சமையல்காரியிடம் கையைக் காட்டிக் காட்டிக் கேட்டார். அந்தக் காலத்தில் மாதாகோயிலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய சுரங்கம் ஊருக்கு அடியில் ஓடுகிறது என்று சமையல்காரி சொன்னாள். அப்போது அக்காவுக்குப் புரிந்தது சுரங்கம் என்பது மட்டும். உள்ளே நிறைய ஆட்களா என்று கேட்டார். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, தலையாட்டிச் சிரித்தாள். அன்று முதல் அந்தத் தெருவில் அக்கா மெதுவாகக் கால் வைத்து நடந்தார். கீழே நம்மைப் போல யாரோ கல் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அது நடந்தது. டெய்சிக்குச் சளி பிடித்து அன்றுதான் கொஞ்சம் தணிந்திருந்தது. துரைசானி மாடியில் படுத்திருந்தார். அவர் தாய் வெளியே போயிருந்தார். அக்கா கணப்பின் எதிரில் டெய்சியை வெந்நீரில் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, பூசை நேரமும் இல்லை. முதலில் பெரிய கோயில் மணி, பிறகு பக்கத்துக் கோயில், பிறகு ஊரில் இருக்கிற எல்லா மணியும். நிற்கும் என்று பார்த்தார். நிற்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் ஜனங்கள் ஓடுகிறார்கள். கடைக்காரன் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடுகிறான். பெண்கள் தலையில் தொப்பிகூட இல்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

"அது இந்த ஊரா, நம்ம ஊரான்னு எனக்குத் தோணவேயில்ல தம்பி. மணி அடிச்சுது. ஓடினேன்."

டெய்சியைத் துண்டோடு இடுப்பில் வைத்துக்கொண்டு, முறைப்படி கதவைச் சாத்தாமல் ஓடினார். வெளியே மழையும் பனியும் கலந்து ஊசிபோல விழுந்தது. கால்களில் கல் கிழித்தது. கூட்டம் போன வழியே போனார். கோயிலுக்கு முன்னால் உள்ள புல்வெளியில் ஊரே நின்றது. அங்கே ஷாஃப்ட் வாய் எங்கே இருக்கிறது என்று தேடினார். எல்லோரும் மேலே கையைத் தூக்கிக் கத்தினார்கள், தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சரி, ஆள் உயிரோடு வந்துவிட்டான் என்று நினைத்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஆள் வந்துவிட்டானா என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே ஆமாம் ஆமாம் என்றாள். டெய்சியின் கையில் ஒரு காகிதக் கொடியைக் கொடுத்தாள்.

அதன்பிறகு அக்கா, நம் பெண்கள் செய்வதைத்தான் செய்தார். டெய்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், வருகிறவன் பார்க்கட்டும் என்று. துண்டு நழுவிக் கீழே விழுந்தது. ஈரத் தலையோடு, உடம்பில் ஒன்றும் இல்லாமல், கையில் கொடியோடு குழந்தை பனியில் அவர் கைகளில் இருந்தது. அதற்கு அது விளையாட்டாகத் தோன்றியதோ என்னவோ, சிரித்ததாம்.

அன்று நடந்தது வேறு. ஆப்பிரிக்காவில் நடந்த சண்டையில் ஒரு ஊருக்குள் மாதக்கணக்கில் சிக்கிக்கிடந்த இங்கிலீஷ்காரப் பட்டாளத்தை மீட்டுவிட்டார்கள் என்று தந்தி வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஊரில் உள்ள அத்தனை மணியையும் அடித்தார்கள். இதை அக்காவுக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து நான்தான் போன வருஷம் சொன்னேன். கேட்டுவிட்டு அக்கா, "அப்போ சிக்கினவங்கதான் வந்தாங்க. நான் நெனச்சது பாதி சரிதான்" என்றார்.

ஒரு போலீஸ்காரன் அக்காவை வீட்டில் கொண்டுவந்து விட்டான். கதவு அகலத் திறந்து கிடந்தது, காற்றில் கணப்பு அணைந்து அறையெல்லாம் சாம்பல். படியின் மேல் துரைசானி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இறங்கி வந்து டெய்சியை வாங்கினார். குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது.

அக்கா சொல்ல முயன்றார். மணி என்றார், கீழே என்றார், ஆள் என்றார். தமிழிலும் சொன்னார்.

"அந்த ஊர்ல அந்த மணி தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான் தம்பி. எனக்கு, அவங்களுக்கு. நம்ம ஷாஃப்ட்டு மணி அடிக்கறப்ப அவங்களும் பங்களா வராண்டாவுல நின்னுருக்காங்க. காதைப் பொத்திக்கினு நின்னதை நான் பாத்துருக்கேன். அவங்களுக்குத் தெரியும். என் மொகத்தையே பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல."

அன்று இரவே டெய்சிக்குக் காய்ச்சல் ஏறியது. மார்ச்சளி என்று டாக்டர் சொன்னார். அக்காவின் படுக்கையைச் சமையலறைக்கு மாற்றினார்கள். குழந்தை இருந்த மாடிக்கு அவர் போகக் கூடாது என்று துரைசானியின் தாய் உத்தரவிட்டார். புதிதாக ஒரு வெள்ளைக்காரத் தாதி வந்தாள். டெய்சி அவள் கையால் சாப்பிட மறுத்து அழுவது கீழே கேட்கும். அக்கா நடுப்படியில் உட்கார்ந்துகொள்வார். அதற்கு மேல் போகமாட்டார். குழந்தை இருமினால் எண்ணிக்கொண்டிருப்பார், இருமல் நின்றால் அடுத்ததற்குக் காத்திருப்பார். கஞ்சியைக் கொடுங்கள், நான் வாசலுக்கு வெளியே நின்றே ஊட்டுகிறேன் என்று சமையல்காரியிடம் கெஞ்சினார். அவள் பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர அவளால் என்ன செய்ய முடியும்?

ஒருநாள் துரைசானியே சமையலறைக்கு இறங்கி வந்தார். திரும்பும்போது அந்தத் தாதியைத்தான் அழைத்துப் போகப் போகிறோம், உன்னை லண்டனில் இந்திய ஆயாக்கள் தங்கும் ஒரு வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று தமிழில் சொன்னார். இந்தியாவுக்குப் போகும் எந்தக் குடும்பத்துக்காவது பிள்ளை பார்க்க ஆள் வேண்டியிருந்தால் அவர்களோடு போகலாம் என்றார். எப்போது என்று அக்கா கேட்டார். தெரியாது என்றார். பாப்பாவை ஒருதடவை பார்க்கட்டுமா என்று கேட்டார். துரைசானி அழ ஆரம்பித்து மேலே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. அக்கா மூட்டையோடு நடுப்படிவரை ஏறி நின்றார். மேலே இருமல் சத்தம் கேட்கவில்லை. அழுகையும் கேட்கவில்லை. தாதி நடமாடும் சத்தம்கூட இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியாகித் தூங்குகிறதா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. வண்டிக்காரன் கூப்பிட்டான். தெருக்கதவில் ஒரு சிங்க முகம் இருக்கும், தட்டுவதற்கு அதன் வாயில் வளையம். அதைக் கையால் தொட்டுவிட்டு வந்தாராம்.

லண்டன் வீட்டில் பல மாதம் இருந்து, கடைசியில் ஒரு கலெக்டர் குடும்பத்தின் இரட்டைக் குழந்தைகளைக் கப்பலில் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டு, அவர்களோடு மதராசுக்கு வந்து சேர்ந்தார். சம்பங்கி உயிரோடு இருந்தார். ஆனால் பங்களாவில் வேறு துரை இருந்தார். பழைய கேப்டன் ஆப்பிரிக்காவில் ஏதோ சுரங்கத்துக்குப் போய்விட்டாராம். டெய்சியைப் பற்றிக் கேட்டால் பட்லருக்கும் தெரியவில்லை. நான் இங்கிலீஷ் எழுதக் கற்றதும் அக்கா என்னிடம், அந்த வீட்டுக்கு ஒரு கடுதாசி எழுது தம்பி என்றார். விலாசம் கேட்டேன். எதிரே சிவப்பு மதில், கதவில் சிங்க முகம் என்றார். நான் எழுதவில்லை. அந்த ஊரில் எத்தனை கதவில் சிங்கம் இருக்குமோ.

ஊருக்கு வந்தபின் அக்கா ஒரு வேலை ஏற்றுக்கொண்டார். மணி அடித்தால், ஓடுகிற பெண்களை வாசலில் மறித்து, "புள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு ஓடு" என்று கை நீட்டுவார். முறை தெரியாதவளா நீ என்று சிலர் திட்டினார்கள். சிலர் கொடுத்தார்கள். கல்லும் முள்ளுமான மேட்டில் பிள்ளையோடு ஓடி விழுந்தவர்கள் உண்டு. தன் புருஷன் கீழே இருக்க, ஊரார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கஞ்சி ஊட்டுவார். மழை நாளானால் எல்லாவற்றையும் ஒரே கம்பளிக்குள் போர்த்திவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மணி அடித்தது. எதிர்வீட்டுக் கங்கம்மா தன் பெண்ணை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அன்று சிக்கியது அவள் புருஷன்தான். மேலே கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியில் போய்விட்டது. என் தகப்பனார் தூக்கினவர்களில் ஒருவர். அவன் கண் திறந்திருந்தது, கூட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான் என்றார்.

சாயங்காலம் கங்கம்மா பிள்ளையை வாங்க வந்தாள். நான் எங்கள் வாசலில் நின்றேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. குழந்தை அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவரு தேடினாரு, ரத்தினம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதன்பிறகு போன மாதம் மணி அடித்தது. நான் பார்த்தேன். அக்கா வாசலுக்கு வந்தார். பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு அவரைக் கடந்து ஓடினார்கள். ஒருத்தி ஓட்டத்தைத் தளர்த்தி இவர் முகத்தைப் பார்த்தாள், கொடுக்கட்டுமா என்பது போல. அக்கா கை நீட்டவில்லை. அவள் ஓடிவிட்டாள். லைன் முழுக்கக் கதவுகள் திறந்து கிடந்தன. சம்பங்கி கீழே இருந்தார். ஓடுங்கள் அக்கா என்று நான் சொன்னேன். என்னைப் பார்த்தார். ஒரு கால் வாசலுக்கு வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக, தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி நிற்கும்வரை அப்படியே நின்றார்.